பதினோராம் நாள் யார் பாடம் நடத்துவார்?

வெளிநாட்டுத் தொண்டூழியம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்க்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. கம்போடியாவுக்குப் போய் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தான் பிள்ளை என்றால், பெற்றோர்க்குப் பெருமை, கல்லூரிக்குப் பெருமை, ஊர் மண்டபத்தில் மாலை மரியாதை வேறு! அந்தக் குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. இன்று அதைத்தான் கேட்க விழைகிறேன். சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு மாணவர் முன் நிற்பதற்கு என்னிடம் என்ன கேட்டார்கள்? மூன்றாண்டுப் பயிற்சி கேட்டார்கள். குழந்தை உளவியல், கற்பித்தல் முறைகள், பிறகு பயிற்றுப்பணி. பயிற்றுப்பணிக் காலத்தில் விரிவுரைஞர் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து அமர்வார். நாள் பாடத்திட்டத்தை வரிக்கு வரி பார்ப்பார். அவ்வளவும் முடிந்த பின்னரே நமக்கென்று ஒரு வகுப்பு.

சியாம் ரீப் நகரில் ஒரு வகுப்பின் முன் நிற்பதற்கு? கடப்பிதழ் போதும், கட்டணம் போதும். கெமர் மொழியில் 'உன் பெயர் என்ன?' என்று கேட்கத் தெரியாத பதினெட்டு வயதுப் பிள்ளை அங்கே 'ஆசிரியர்' ஆகிவிடுகிறார். ஆங்கில எழுத்துப் பாட்டைப் பாடிக் காட்டிவிட்டு வந்துவிடுகிறார். அடுத்த குழு போகிறது. மறுபடியும் அதே பாட்டு! நம் பள்ளிக்குள் இப்படி வாரம் ஒருவர் நுழைந்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சும்மா இருக்குமா? நம் பிள்ளைக்கு ஆகாதது கம்போடியப் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

கணக்கைப் பாருங்கள். 2005-இல் கம்போடியாவில் 154 சிறார் இல்லங்கள் இருந்தன. 2010-இல் அவை 269 ஆயின. ஐந்தே ஆண்டுகளில் 75 விழுக்காடு உயர்வு. இடையில் போர் மூண்டதா? கொள்ளைநோய் வந்ததா? இல்லை. உயர்ந்தது சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கை. 2005-இல் ஏறத்தாழ 14 இலட்சமாக இருந்தது, 2010-இல் 25 இலட்சமாயிற்று. இதைவிட வேதனையான செய்தி ஒன்றுண்டு. அந்த இல்லங்களில் வாழ்ந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்!

பிறகு ஏன் அவர்கள் 'அனாதை' ஆனார்கள்? 'பட்டணத்தில் படிக்கலாம், மூன்று வேளையும் சோறு கிடைக்கும்' என்று சொன்னால் வறுமையில் வாடும் சிற்றூர்த் தாய் நம்பாமல் என்ன செய்வாள்? பிள்ளைகள் இருந்தால்தான் தொண்டூழியர் வருவர். தொண்டூழியர் வந்தால்தான் பணம் வரும். எல்லா இல்லங்களும் அப்படியல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், பத்து நாள் விருந்தாளிக்கு நல்லது எது, போலி எது என்று பிரித்தறியத் தெரியுமா? மாலையானால் பிள்ளைகள் விருந்தினர் முன் ஆட வேண்டும். வந்தவர் கட்டியணைப்பார், படமெடுப்பார், பத்தாம் நாள் கண்ணீரோடு விடைபெறுவார். ஒட்டிக்கொண்ட பிள்ளை மீண்டும் கைவிடப்படும். ஆண்டுக்கு இப்படி எத்தனை முறை! யார் வந்தாலும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையைப் பார்த்து 'எவ்வளவு பாசம்!' என்று நாம் உருகுகிறோம். குழந்தை உளவியலை ஒரு பருவம் படித்தவருக்கும் அது பாசமன்று, காயம் என்று தெரியும்.

இது என் கற்பனையன்று. ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு 2017-இல் நவீன அடிமைத்தனம் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்த இல்லங்களின் வணிகத்திற்கென்றே தனி இயல் இருக்கிறது.

அண்மையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி நன்கொடைத் தாளோடு வந்தாள். ஆறாம் படிவம் படிக்கிறாள். பத்து நாள் பயணம். தலைக்கு நான்காயிரம் ரிங்கிட். "உதவி செய்யத்தானே போகிறோம், ஐயா?" என்றாள். "உங்களை வரச்சொல்லிக் கேட்டது யாரம்மா? அந்த நான்காயிரத்தில் அந்த ஊர் ஆசிரியை ஒருவருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று விசாரித்தீர்களா?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை, யாரும் சொல்லித் தரவுமில்லை. நான் கையெழுத்திடவில்லை. முகம் வாடிப் போனாள். நல்ல பிள்ளை, அவள்மீது எனக்குச் சினமில்லை. பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்திற்குப் பத்து விழுக்காடு என்று வைத்துவிட்டு, அந்தப் பத்துக்காகப் பிறர் நாட்டுக் குழந்தைகளைப் படிக்கல்லாக்கும் பெரியவர்கள்மீதுதான் என் சினம்.

'அப்படியானால் எவருமே கடல்கடந்து உதவக் கூடாதா?' என்று கேட்பீர்கள். உதவி பெற்ற நாடுதானே நம் நாடும்? 1962 முதல் 1983 வரை அமெரிக்க அமைதிப்படையினர் (இலங்கைக்குப் போன அந்த அமைதிப்படையன்று!) நாலாயிரம் பேருக்கு மேல் இங்கே வந்து பணிசெய்தனர். பலர் நம் இடைநிலைப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலமும் கற்பித்தனர். அவர்களுக்கும் குறைகள் இருந்திருக்கும். ஆனால், நம் அரசு கேட்டு வந்தார்கள், மலாய் படித்தார்கள், இரண்டாண்டு இருந்தார்கள். பத்து நாள் எங்கே, இரண்டாண்டு எங்கே!

கேளாமல் கொடுப்பதன் விளைவை நீரிணைக்கு அப்பால், நமக்கு எதிரேயுள்ள ஆச்சேயில் பார்த்தோம். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் பினாங்கிலும் 52 உயிர்கள் போயின. ஆச்சேயிலோ ஒன்றரை இலட்சத்திற்கும் மேல். உலகமே இரங்கி அங்கே 4,000 டன் மருந்தை அனுப்பியது. அவற்றில் பெரும்பகுதியின் உறைகளில் உள்ளூர் மருத்துவப் பணியாளருக்கு விளங்காத மொழி. நோயாளியைக் கவனிக்க வேண்டியவர்கள் மருந்துப் பெட்டிகளைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவற்றை அழிப்பதற்கும் செலவு!

இதற்கு நேர்மாறான சான்று நம் ஆயர் ஈத்தாமிலேயே இருக்கிறது. 1951-இல் எழுப்பப்பட்ட போர் நினைவுச்சின்னத்தைப் பார்க்காதவர் ஒருமுறை போய்ப் பாருங்கள். 1939-இல் சீனா யப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது, பர்மாச் சாலையில் சரக்குந்து ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஆளில்லை என்று அங்கிருந்து வேண்டுகோள் வந்தது. பினாங்கு உள்ளிட்ட தென்கிழக்காசிய ஊர்களிலிருந்து ஏறத்தாழ 3,200 சீன இளைஞர்கள் போனார்கள். ஓட்டத் தெரிந்தவர்களும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும்தான் போனார்கள். அவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை. அவ்வளவு தியாகத்தை நம் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டதைக் கொடுத்தார்கள், தெரிந்ததைச் செய்தார்கள் என்ற அந்த ஒழுங்கையாவது கேட்கக் கூடாதா?

ஆகவே, அடுத்த முறை நன்கொடைத் தாளை நீட்டும் கல்லூரிகளும் இயக்கங்களும் மறுபக்கத்தில் இவற்றையும் எழுதித் தரட்டும்: உங்களை அழைத்தவர் யார்? அந்த மொழியை எத்தனை மாதம் படித்தீர்கள்? அங்கே உள்ள எந்த ஆசிரியருக்குத் துணையாகப் போகிறீர்கள்? நீங்கள் விமானம் ஏறிய பின், பதினோராம் நாள் காலையில் அந்த வகுப்பில் நிற்கப் போகிறவர் பெயர் என்ன? எழுதித் தந்தால் முதல் ஐம்பது ரிங்கிட் என்னுடையது.