டிலக்சனும் லகீஷாவும்: பிழை பெயரிலா?

எனது மாவட்டமான திருகோணமலையில் எந்தத் தமிழ்ப் பாடசாலையின் வரவுப் பதிவேட்டைத் திறந்தாலும் டிலக்சன், நிரோஜன், கஜீபன், டனுசிகா போன்ற பெயர்களைக் காணலாம். அகராதியில் இவற்றுக்குப் பொருள் கிடைக்காது. தாய் தகப்பன் பெயர்களிலிருந்து சில எழுத்துகள், நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்து, எண்சாத்திரம் சொல்லும் கூட்டுத்தொகை, காதுக்கு இனிய ஒரு முடிவு என எல்லாம் சேர்ந்து பிறக்கும் பெயர்கள் இவை. "இதெல்லாம் தமிழா, இதற்கு என்ன அர்த்தம்?" என்ற கேலி மேடைகளிலும் முகநூலிலும் ஓய்வதில்லை. விடுதலைப் புலிகள் தூய தமிழ்ப் பெயர்களை வலியுறுத்திய காலத்திலும் பெற்றோர் இப்படிப் பெயர் வைப்பதை விடவில்லை.

இதே கேலியை அமெரிக்கக் கறுப்பின மக்களும் நீண்டகாலமாகக் கேட்டு வருகின்றனர். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட அவர்களது மூதாதையரின் பெயர்கள் பறிக்கப்பட்டு, எசமானர்கள் வைத்த பெயர்கள் நிலைத்தன. அந்தப் பெயர்களை உதறும் முயற்சி கடந்த நூற்றாண்டில் வேகம் பெற்றது. 1964இல் கேசியஸ் கிளே, முகமது அலி ஆனார். அலெக்ஸ் ஹேலியின் 'ரூட்ஸ்' 1977இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, அதில் வரும் கிஸ்ஸி என்ற பெயர் பல பெண் குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டது. லகீஷா போன்ற பெயர்களோ அமெரிக்க மண்ணிலேயே உருவானவை. ஆப்பிரிக்காவில் தேடிப் பயனில்லை.

நமது மொழி நம்மிடமிருந்து பறிபோகவில்லை. ஆகவே இரண்டு கதைகளும் ஒன்றல்ல. ஆனால் ஒரு பாடம் பொதுவானது. தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் பொஸ்டன், சிக்காகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதிகள் ஒத்தவை, பெயர்கள் மட்டும் வேறு. 2004இல் வெளியான அந்த ஆய்வின்படி, எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்கு, லகீஷா, ஜமால் போன்றவற்றைவிட 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. தவறு லகீஷா என்று பெயர் வைத்த தாயிடம் இல்லை. பெயரைப் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்கியவரிடமே இருந்தது.

நமக்கும் இது புதிதல்ல. நிரோஷன், டில்ஷான் போன்ற பெயர்கள் சிங்களவரிடமும் உண்டு. ஆனாலும் சோதனைச் சாவடியில் அவை எவரையும் காப்பாற்றவில்லை. வடக்கு கிழக்கில் வழங்கப்பட்ட அடையாள அட்டையில் தமிழ் எழுத்து இருந்தது, தென்பகுதி அட்டையில் சிங்களம் மட்டுமே. அட்டையை நீட்டிய உடனேயே இனம் தெரிந்துவிடும். 2014இல்தான் இரு மொழிகளும் எல்லா அட்டைகளுக்கும் வந்தன. ஆக, அங்கே பெயரின் அர்த்தத்தை எவரும் கேட்கவில்லை. கவியரசன் என்றாலும் டிலக்சன் என்றாலும் வரிசையில் தனியாக நிறுத்தப்பட்டவர் தமிழர்தான்.

இன்று இந்திய நிதியுதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் முன்னெடுக்கப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று அலைபவர்கள் இங்கு ஏராளம். ஓரெழுத்துக்காகச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கிறார்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் படிவங்கள் இன்னொரு தலையிடி. புதிய தரவுத்தளத்திலும் தமிழ்ப் பெயர் சிங்களம் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ பெயர்த்து ஏற்றப்பட்டால் அந்தப் பிழைகள் நிரந்தரமாகிவிடும்.

எனவே நமது தமிழ்ப் பற்றை இந்த இடத்தில் காட்டுவோம். ஒவ்வொருவரின் பெயரும் அவர் தமிழில் எழுதுகிறபடியே பதியப்பட வேண்டும், ஆங்கில எழுத்துக்கூட்டலை அவரே உறுதிப்படுத்த வேண்டும் என்று பிரதேச செயலகங்களில் கேட்போம். டிலக்சனுக்கு அர்த்தம் அவனைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அரசு அதைச் சரியாக எழுதினால் போதும்.