அஞ்சல் சதுரங்கத்துக்கு உலகப் பட்டம் எதற்கு?

தபாலில் செஸ் ஆடுவதற்கு இன்றைக்கும் உலக சாம்பியன் பட்டம் இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், "அப்படி ஒன்று இருக்கிறதா சார்?" என்கிறார்கள். இருக்கிறது. அதை மரியாதையாக மூடிவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆட்டத்தின் மேல் வெறுப்பினால் சொல்லவில்லை. ஆட்டம் பிழைக்க வேண்டுமே என்றுதான் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கார்டில் ஒரு நகர்த்தலை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். எதிராளியின் பாஷை தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் உண்டு. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் வெள்ளைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254 என்று எழுதினால் போதும், ரஷ்யனுக்கும் புரியும், பிரேசில்காரனுக்கும் புரியும். பத்து நகர்த்தலுக்கு முப்பது நாள் யோசிக்கலாம். கடிதம் கடல் தாண்டும் நாட்கள் கணக்கில் சேராது.

முதல் உலகப் போட்டி 1953-ல் முடிந்தது. ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டி வென்றார். ஐந்தாவதை வென்ற அமெரிக்கர் ஹான்ஸ் பெர்லினர் 16 ஆட்டங்களில் 12-ல் ஜெயித்து, 4-ஐச் சமன் செய்தார். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 1987-ல் தொடங்கிய பத்தாவது அஞ்சல் ஒலிம்பியாட் 1995-ல்தான் முடிந்தது. தங்கம் வாங்கிய சோவியத் யூனியனும் வெண்கலம் வாங்கிய கிழக்கு ஜெர்மனியும் அப்போது உலக வரைபடத்திலேயே இல்லை! நாடு போயிற்று, ஆட்டம் போகவில்லை.

இந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. லண்டனும் எடின்பரோவும் 1824 முதல் 1828 வரை கடிதத்தில் ஆடியதை எல்லாப் புத்தகமும் சொல்லும். அது முடிந்த கையோடு சென்னைப் பட்டணமும் ஹைதராபாதும் கடிதத்தில் இரண்டு ஆட்டங்கள் ஆடின. சென்னையைச் சேர்ந்த குலாம் காசிமும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற அதிகாரியும் அவற்றுக்குக் குறிப்பு எழுதி, மூசியோ காம்பிட் பற்றிய ஆராய்ச்சியோடு சேர்த்து 1829-ல் நூலாக்கினார்கள். அந்தத் தொடக்கத்தில் ஒரு கிளைக்குக் காசிம் பெயர் இன்றும் இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடுக்காகக் குதிரைக்கு வேட்டி கட்டிவிட்டு மகிழ்ந்தோம், சரி. குலாம் காசிம் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய அஞ்சல் உலகப் போட்டியை நடத்தும் சர்வதேசக் கூட்டமைப்பு, கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கார்டும் இல்லை, எல்லாம் இணையத்தில்தான். அந்தப் பக்கமும் இயந்திரம், இந்தப் பக்கமும் இயந்திரம். இறுதிச் சுற்றில் பெரும்பாலான ஆட்டங்கள் சமனில் முடிகின்றன. வேறென்ன ஆகும்?

"இயந்திரத்தை எப்படிக் கேட்பது, அது சொல்வதில் எதைத் தள்ளுவது என்பதிலும் திறமை இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் சமயபுரத்துக்கு எத்தனை ஊர்களிலிருந்து நடந்து வருகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். காரில் வந்து இறங்குகிறவருக்கும் அம்மன் தரிசனம் தருகிறாள். அதற்காக அவர் பாதயாத்திரை வந்தார் என்று யாராவது சொல்வோமா? பெயரை மாற்றிக்கொள்ளட்டும், சண்டை இல்லை.

"தடை போட்டால் யார் கண்காணிப்பது? வீட்டுக்குள் ஒளிந்து பார்ப்பார்களே" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் கார்டு காலத்திலும் பக்கத்து வீட்டு வல்லுநரைக் கேட்டு எழுதுவதை யார் தடுத்தார்கள்? அன்றும் காவல் மனச்சாட்சி ஒன்றுதான். மனச்சாட்சியை அசைப்பது எது? பட்டம், புள்ளி, தரவரிசை. அவற்றை எடுத்துவிடுங்கள். ஐம்பது காசுக் கார்டில் ஒரு சிநேகிதரை ஏமாற்றி எவர் என்ன சம்பாதிக்கப் போகிறார்? பட்டம் ஒழிந்தால் ஏமாற்றுவதற்கான காரணமே ஒழிந்துவிடும். அதனால்தான் தடையைக் கேட்காமல், பட்டத்தையே எடுக்கச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் செஸ் என்றால் இன்று குழந்தைகள், பயிற்சி வகுப்பு, கடிகாரம், கோப்பை. குகேஷ் 2024-ல் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனபோது நானும் துள்ளினேன். ஆனால் கை நடுங்குகிறவனும், ஒரு நகர்த்தலை மூன்று நாள் மென்று பார்க்கிறவனும் ஆட ஓர் இடம் வேண்டாமா? அந்த இடம் இதுதான். எழுபதைத் தாண்டியவன் அவசரமில்லாமல் யோசிக்கலாம், தனியாக இருக்கிறவனுக்கு வாரம் ஒரு கடிதம் வரும். பக்தர்களுக்காக அம்மனே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கும் ஊர் இது. காத்திருக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

தந்தி 2013-ல் போயிற்று. பதிவுத் தபால் 2025-ல் விரைவு அஞ்சலோடு கலந்துவிட்டது. கார்டு இன்னும் இருக்கிறது. வாங்க ஆளில்லை என்றால் அதுவும் போகும். ஸ்ரீரங்கத்தில் உங்களுக்கொரு பழைய கூட்டாளி இருப்பார். அலமாரியில் பலகையும் காய்களும் இருக்கும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கார்டு போடுங்கள். 5254 என்று எழுதினால் போதும், அவருக்குப் புரியும்.