அபராதம் தொழிலாளிக்கு மட்டும்தானா?

பேசின் பிரிட்ஜிலிருந்து எண்ணூர் வரை, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் ஆலைத் தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போகிறான். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரே விநாடியில் 11 மீட்டர் தாண்டிவிடும். அந்த விநாடி ஓட்டுநரின் கண் செல்போனில் இருந்தால், போவது அவன் உயிர். எனவே, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தைக் கறாராக அமல் நடத்த வேண்டும் என்கிறோம்.

தமிழ்நாட்டில் 2022 முதல் அபராதம் 1,000 ரூபாய். மறுபடியும் பிடிபட்டால் 10,000. ஆனால், ஓடும் லாரிக்குப் போன் போட்டு விரட்டுவது யார்? முதலாளி! அபராதம் கட்டுவது? தொழிலாளி! இது என்ன நியாயம்?

விரட்டும் முதலாளி மீதும் சர்க்கார் நடவடிக்கை எடுக்கட்டும். 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் விதித்த எட்டு மணி நேர வேலையும் அமலாகட்டும்.

ஓட்டுநர் தோழர்களே! வண்டி ஓடும்போது போனை எடுக்காதீர்கள். எதிரே வருபவனும் நம்மவனே!