முயல் படம் போட்ட டப்பாவும் வீங்கிய கண்ணும்



போன ஞாயிற்றுக்கிழமை, சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஓசூர் வீட்டுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் தடிப்பு, இமை வீங்கிக் கண்ணே திறக்க முடியவில்லை. தங்கை கல்யாணத்துக்காகத் தலைக்குக் கறுப்பு டை அடித்தாளாம். டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிவிட்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

"சார், டப்பாவுல முயல் படம் போட்டிருந்துச்சு. விலங்கு மேல சோதிக்கலைன்னா, அப்ப நம்ம மேலதான் சோதிக்கிறாங்களா?"

உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும். அழகுசாதனங்களை விலங்குகள் மேல் சோதிப்பதை இந்தியா 2014-லேயே தடை செய்துவிட்டது. அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு தடை வந்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன். முன்பு கினிப் பன்றியின் முடியை மழித்து ரசாயனத்தை ஊசியில் ஏற்றித் தோல் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். சுண்டெலியின் காதில் தடவி, பிறகு அதைக் கொன்று நிணநீர் முடிச்சை ஆராய்வார்கள்.

இப்போது ஆய்வகத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வாமை தொடங்குவதே ரசாயனம் தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதில்தான். அதனால் முதலில், ரசாயனத்தைச் சிறு புரதத் துண்டுகளோடு கலந்து, 24 மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம் என்று அளக்கிறார்கள். அடுத்து, வளர்க்கப்பட்ட மனிதத் தோல் செல்கள். ஆபத்தை உணர்ந்தால் அவை மின்மினிபோல ஒளிரும்படி செய்திருக்கிறார்கள். மூன்றாவது, மனித எதிர்ப்பு செல்கள் விழித்துக்கொள்கின்றனவா என்பது. மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவு சொல்லலாம் என்று ஓஇசிடி அமைப்பு 2021-ல் ஏற்றுக்கொண்டது. மனிதர்களிடம் கண்ட விளைவுகளோடு ஒப்பிட்டதில், இது எலிச் சோதனைக்குச் சளைத்ததாக இல்லை.

அப்படியானால் அவள் கண் ஏன் வீங்கியது? சோதனை கோட்டை விடவில்லை. கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் ஒவ்வாமை தரும் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். எச்சரிக்கையோடு விற்கலாம் என்பதே சட்டம். அந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும். நம் தெருக் கடையில் மூன்று பாக்கெட் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் கன்னடம் இருந்தது, தமிழ் இல்லை. இன்னொன்றில் தமிழ் இருந்தது, ஆனால் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது.

முயல் படம் முயலுக்குத்தான் உத்தரவாதம், நமக்கு இல்லை. நமக்கான உத்தரவாதம் அந்தப் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் பெரிதாக, தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். தடையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் டை அடிக்கும் முன், பாக்கெட்டில் சொன்னபடி காதுக்குப் பின்னால் சிறிது தடவி, பெரும்பாலும் 48 மணி நேரம் பொறுங்கள். போன தடவை ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வாமை இடையிலும் வரும், வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது. திருவிழாவில் பிள்ளைகள் கையில் போடும் கறுப்பு மெஹந்தியிலும் இதே பிபிடி இருக்கலாம். அதைப் பிள்ளைகளுக்குப் போடவே வேண்டாம்.

பார்லர் வைத்திருக்கும் என் மாணவிகளே, அவசரம் என்று வாடிக்கையாளர் கேட்டாலும் இதை விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்