பல்லும் பௌதிகமும்

பள்ளிக்குப் பல் மருத்துவக் குழுவினர் வருகை தரும் நாளில் வகுப்பறைகளில் அச்சம் கலந்ததோர் அமைதி நிலவும். 1949ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கப்பெற்ற காலந்தொட்டு இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன அச்சம் அது. சொத்தைப் பல்லைக் குடைந்து துப்புரவு செய்தபின், வெண்ணிறக் களிம்பொன்றைக் குழியிலிட்டு, அதன்மேல் நீல ஒளியைச் சில நொடிகள் பாய்ச்சுகின்றனர். களிம்பு கல்லாகிவிடுகிறது. வாயைத் துடைத்தவாறு வகுப்புக்குத் திரும்பும் மாணவன், "ஐயா, அந்த விளக்கு ஏன் நீலமாக எரிகிறது?" என்று கேட்கிறான். "அது பாடத்தில் இல்லை, ஒழுங்காகப் பல் துலக்கு" என்பதே அவனுக்குப் பெரும்பாலும் கிட்டும் விடை.

அவனே வளர்ந்து இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தை எட்டும்போது, பல் மருத்துவராக விரும்புவதாகக் கூறுகிறான். உடனே பெற்றோரும், உறவினரும், சில வேளைகளில் ஆசிரியருங்கூட அறிவுரை வழங்குகின்றனர்: "உயிரியலைப் பிடித்துக்கொள். பௌதிகம் புள்ளிக்காகத்தான், தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம். உந்துகலனையும் உருளையையும் படித்துப் பல்லுக்கு என்ன ஆகப்போகிறது?"

இவ்வறிவுரை நல்லெண்ணத்தோடு கூறப்படுவதுதான். ஆயினும் இதைக் காட்டிலும் பிழையானதொரு வழிகாட்டலைக் காண்பது அரிது. உடலின் உறுப்புகளுள் உயிரியல் மட்டுமே போதாத உறுப்பு ஒன்று உண்டெனில், அது பல்லே ஆகும்.

எலும்பு முறிந்தால் கூடும்; தோல் கிழிந்தால் மூடும். பல்லின் மேலுறையாகிய எனாமல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். எனாமலை உண்டாக்கிய உயிரணுக்கள், பல் ஈறைப் பிளந்து வெளிவரும் காலத்திலேயே மறைந்துவிடுகின்றன. எடையளவில் 96 விழுக்காடு கனிமமாகிய அவ்வுறையை மீண்டும் வளர்த்துத்தர உடலில் எவருமில்லை. உமிழ்நீரிலுள்ள கனிமங்களும் ஃபுளோரைடும் தொடக்கநிலைச் சிதைவை ஓரளவு சீர்செய்யும். குழி விழுந்தபின் அதை அடைக்க அவற்றால் இயலாது. உயிர் கைவிட்ட அவ்விடத்தில் மனிதன் தன் கையால் ஒரு பொருளை வைத்தாக வேண்டும். அப்பொருள் எத்தனை விசையைத் தாங்கும், சூட்டில் எவ்வளவு விரியும், ஒளியை எங்ஙனம் சிதறடிக்கும், பல்லோடு எதனால் ஒட்டும் என்னும் வினாக்களுக்கு உயிரியல் நூலில் விடை தேடுவது, மாமரத்தில் தேங்காய் தேடுவதை ஒக்கும்.

பல் மருத்துவ வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. பாதரசத்தோடு வெள்ளி, வெள்ளீயம் முதலியவற்றைப் பிசைந்து செய்யும் இரசக்கலவை 19ஆம் நூற்றாண்டிலேயே பற்குழிகளை அடைக்கப் பயன்பட்டது. ஆயினும் ஒருவர் அடைத்தது பல்லாண்டு நிலைத்தது. மற்றொருவர் அடைத்தது விரைவில் பெயர்ந்தது. 1919ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை, எந்தக் கலவையை வாங்குவது என்று நாட்டின் தரநிர்ணய அலுவலகத்தை அணுகிற்று. அப்பணியை ஏற்ற வில்மர் சவுடர் மருத்துவரல்லர்; பௌதிக அறிஞர். கலவை இறுகுங்கால் விரிகிறதா சுருங்குகிறதா என்பதை அவரும் அவர்தம் துணைவரும் ஒளி அலைகளின் குறுக்கீட்டைக் கொண்டு அளந்தனர். கைப்பக்குவம் என்று பேசப்பட்டது அன்றுதொட்டு எண்ணாக மாறிற்று. இன்று அவ்விரசக்கலவையும் விடைபெற்று வருகிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே மாற்றுப் பொருளைத் தேடும் பணி முன்னெப்போதையும்விட விரைவாக வேண்டப்படுகிறது.

அம்மாற்றுப் பொருளே மாணவன் கண்ட வெண்களிம்பு. அதன் பிறப்பும் சுவையானது. உலோகத்தின்மேல் பூச்சு நன்கு பற்றுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதுண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவோனோகோர், உலோகத்துக்குச் செய்வதை எனாமலுக்குச் செய்தாலென்ன என எண்ணினார். 1955இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அமிலம் பட்ட எனாமலில் பிசின் உறுதியாகப் பற்றுவதைக் காட்டிற்று. அமிலம் எனாமலின் மேற்பரப்பில் நுண்ணிய பள்ளங்களைத் தோண்டுகிறது. பிசின் அவற்றுள் புகுந்து, வேரோடியது போல் இறுகுகிறது. பின்னர் ரஃபேல் போவன், பளிங்குத் துகள்களைப் பிசினோடு வேதிமுறையில் பிணைத்து ஒரு கூட்டுப்பொருளை ஆக்கி, 1962இல் காப்புரிமை பெற்றார். அவரும் சவுடர் பணியாற்றிய அதே தரநிர்ணய அலுவலகத்தில் ஆய்வு நடத்தியவரே. பல் மருத்துவராகப் பயின்ற போவன், பொருள்களின் பண்பை அளக்கும் கூடத்தில் அமர்ந்தார் என்பதை மேற்கண்ட அறிவுரையாளர்கள் கவனிப்பாராக.

இனி அந்நீல விளக்கு. களிம்பில் கலந்துள்ள காம்பர்குவினோன் என்னும் பொருள் ஏறத்தாழ 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியையே மிகுதியாக விழுங்கும். அவ்வலைநீளம் நீலம். சிவப்பொளியை நாள் முழுதும் பாய்ச்சினாலும் களிம்பு இறுகாது. அவ்வொளித்துகள் ஒவ்வொன்றும் ஏந்திவரும் ஆற்றல் போதாது. தொடக்கத்தில் புறஊதா விளக்கும், பின்னர் ஹாலஜன் விளக்கும் பயன்பட்டன. இன்று மருத்துவர் கையிலிருப்பது பெரும்பாலும் நீல ஒளி உமிழும் டையோடு. 1993இல் ஒளிமிக்க நீல டையோடை ஜப்பானின் ஷூஜி நகமூரா உருவாக்கிக் காட்டினார். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் 2014இல் நோபல் பரிசும் பெற்றார். காலியம் நைட்ரைடு படிகத்தை வளர்க்கப் போராடிய அம்மூவரும் சொத்தைப் பல்லை நினைத்தவர்களல்லர். பயன் யாது என்று முதலிலேயே கேட்டு நிதியை மறுத்திருந்தால், மாணவன் வாயில் அவ்விளக்கு எரிந்திராது.

"பல் மருத்துவர் பொருளைப் பயன்படுத்துபவர்தாமே? வண்டி ஓட்டுபவன் இயந்திரத்தை உருவாக்கத் தெரிந்திருக்க வேண்டுமா?" என்பது அடுத்துக் கிளம்பும் வாதம். கேட்பதற்கு இனிய வாதம், பொருந்தாத வாதம். ஒளி களிம்பினுள் செல்லச் செல்லச் சிதறியும் விழுங்கப்பட்டும் மங்குகிறது. ஆதலின் வழக்கமான களிம்பை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புக்கு மேல் ஒரே முறையில் இடுதல் கூடாது. விளக்கு பழையதாகி ஒளி குன்றினால் மேற்பரப்பு மட்டும் இறுகி அடிப்பகுதி குழைவாகவே நின்றுவிடும். கண்ணுக்கும் விரலுக்கும் அது புலப்படாது. நோயாளி நன்றி கூறிச் செல்வார். சில திங்களில் அதே பல்லோடு திரும்புவார். இங்கே ஓட்டுநர் ஒவ்வொரு திருப்பத்திலும் பௌதிகத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

களிம்பு எவ்வளவு இறுகிற்று என்பதை ஆய்வுக்கூடத்தில் அறியும் வழிகளுள் ஒன்று இராமன் நிறமாலை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட விளைவே அதன் அடிப்படை. பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அலைநீளம் மாறி வருகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு எந்தப் பிணைப்புகள் இணைந்தன, எவை இணையாது எஞ்சின என்று கணக்கிடலாம். நன்கு இறுகியதாகத் தோன்றும் களிம்பிலும் கால் பங்குக்கு மேற்பட்ட பிணைப்புகள் இணையாமல் எஞ்சுவது இயல்பு.

இராமனைக் குறிப்பிடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழ் மேடைகளில் நானோ நுட்பம் அண்மைக் காலமாக ஒரு புது வேடம் பூண்டிருக்கிறது. "முந்திரி என்றும் இம்மி என்றும் பின்னங்களுக்குப் பெயரிட்டவன் தமிழன், ஆகவே நானோ நுட்பம் அவனுக்குப் புதிதன்று" என்று முழங்குவோர் கைத்தட்டல் பெறுகின்றனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. கணக்கியலில் அத்தகைய நுட்பம் கண்டது உண்மையிலேயே பெருமைக்குரியது, அதில் ஐயமில்லை. ஆனால் சிற்றளவுக்குப் பெயரிடுவது ஒன்று. அவ்வளவிலுள்ள பொருளைக் காண்பதும் கையாள்வதும் முற்றிலும் வேறொன்று. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பகுதி. தலைமயிர் ஒன்றின் குறுக்களவே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 1959இல் ரிச்சர்டு ஃபெயின்மன் அணு அணுவாகப் பொருளை அடுக்கும் வாய்ப்பைப் பற்றி உரையாற்றினார். 1974இல் நோரியோ தனிகுச்சி நானோ நுட்பம் என்னும் சொல்லை வழங்கினார். 1981இல் ஜூரிக் நகரில் பின்னிக்கும் ரோரரும், அணுக்களைத் தடவிப் பார்க்கும் நுண்ணோக்கியைப் படைத்தனர். உரையையும் சொல்லையும் உலகம் விரும்பிக் கேட்டது. கருவி வந்த பின்னரே துறை வளர்ந்தது. மேடைக்குத் தமிழ்ப் பெருமை வேண்டுமாயின் இராமன் இருக்கிறார். அவர் அளந்தவர்.

தமிழாசிரியர்கள் சிந்திக்கத்தக்க சிறு செய்தி ஒன்றும் உண்டு. மைக்ரோவுக்கும் நுண் என்கிறோம். நானோவுக்கும் நுண் என்கிறோம். இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. ஆயிரம் மடங்கை ஒரே சொல்லில் அடக்கினால், மாணவன் மயங்குவதில் வியப்பென்ன?

அவ்வேறுபாடு பல்லில் என்ன செய்கிறது என்று காண்க. முற்காலக் கூட்டுப்பொருளில் கலந்த துகள்கள் பல பத்து மைக்ரோமீட்டர் அளவின. மெல்லும்போது பிசின் தேய, துகள்கள் பெயர்ந்து விழ, பரப்பு சொரசொரப்பாகிக் கறை படிந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்களைக் கொண்டவை வந்தன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதனினும் மிகச்சிறிய துகள் ஒளியை மிகக் குறைவாகவே சிதறடிக்கும். விட்டம் பாதியானால், ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி 64இல் ஒரு பங்காகிவிடும். ஆகவேதான் அடைப்பு எனாமலைப்போல் ஒளி ஊடுருவும் தன்மை பெறுகிறது. தேய்ந்தாலும் பளபளப்புக் குன்றுவதில்லை. ஆனால் துகளைச் சிறிதாக்கினால் மொத்தப் பரப்பு பெருகும். பிசின் முழுதும் அப்பரப்பை நனைப்பதிலேயே செலவாகிக் களிம்பு கட்டிபட்டுவிடும். அதனால் சிறு துகள்களைக் கொத்தாகத் திரட்டிக் கலக்கின்றனர். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கும் இக்கணக்கை அறியாதவர்தாம், பற்பசைப் பெட்டியில் நானோ என்னும் எழுத்தைக் கண்டதும் இரு மடங்கு விலை கொடுக்கின்றனர். எந்தத் துகள், எவ்வளவு, எதற்காக என்று கேட்கத் தெரியாதவனுக்கு அச்சொல் ஒரு மந்திரம். ஆலங்குச்சி, வேலங்குச்சியால் பல் துலக்கிய பாட்டனாவது குச்சியைக் கடித்துப் பார்த்துத் தேர்ந்தான்.

நானோ துகள்கள் தீர்க்காத சிக்கலும் உண்டு. களிம்பு இறுகும்போது அதன் பருமன் பெரும்பாலும் 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகிறது. தனித்தனியே திரிந்த மூலக்கூறுகள் கைகோக்கும்போது நெருங்கி வருவதே காரணம். நெருங்கும் விசை, பல்லோடுள்ள பற்றைப் பிய்த்து இழுக்கிறது. சில மைக்ரோமீட்டர் இடைவெளி விட்டாலும் போதும். ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த பருமனுள்ள நுண்ணுயிரிகளுக்கு அது அகன்ற நெடுஞ்சாலை. இதற்கும் மேலாக வெப்ப விரிவு. ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் எனாமல் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 11 பங்கு விரியும். கூட்டுப்பொருள் அதனினும் இரு மடங்கு அல்லது அதற்கு மேலும் விரியும். சூடான தே தாரிக்கைப் பருகிவிட்டு ஐஸ் கச்சாங் உண்பவரின் வாயில், பல்லும் அடைப்பும் வெவ்வேறு அளவில் விரிந்தும் சுருங்கியும் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

சூடுபட்டால் பொருள் விரியும் என்னும் பாடம் தொடக்கப்பள்ளி வகுப்புக்கே உரியது. தண்டவாளத்தின் இடைவெளியையும் உலோகக் குண்டையும் வளையத்தையும் காட்டி அப்பாடத்தை முடித்துவிடும் ஆசிரியர், அன்றுதான் பல்லடைத்துத் திரும்பிய மாணவனை எழுப்பி, "உன் வாய்க்குள் இருப்பது விரியுமா?" என்று கேட்டால் கால் மணி நேரம் கூடுதலாகும். பாடத்திட்டம் அதைத் தடுக்கவில்லை. தடுப்பது, பல் உயிரியலைச் சார்ந்தது, தண்டவாளம் பௌதிகத்தைச் சார்ந்தது என்று ஆசிரியரின் மனத்தில் எழுந்துள்ள சுவரே.

அந்த 2 விழுக்காட்டுச் சுருக்கத்தைக் குறைக்கப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் இன்றும் முயன்று வருகின்றன. வளையம் விரிந்து இணையும் மூலக்கூறுகளைக் கொண்டு ஒரு விழுக்காட்டை ஒட்டிக் குறைத்தவர்களும் உண்டு. முற்றாக நீக்கிய அடைப்புக் களிம்பு இன்னும் பல் மருத்துவரின் மேசைக்கு வந்து சேரவில்லை.