வலைப்பூ வளர்ப்போம், வேலியும் போடுவோம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பிராட்பேண்ட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்க்கிறீர்கள், பாட்டுக் கேட்கிறீர்கள், ரயில் டிக்கெட் கூட நீங்களே போட்டுக் கொள்கிறீர்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சொந்தமாக ஒரு வலைப்பூ, அதாவது பிளாக், தொடங்குங்கள். "எல்லாரும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் என்று போய்விட்டார்கள், இப்போது போய் பிளாக்கா?" என்று சிரிப்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் எத்தனை போட்டோ, எத்தனை வீடியோ வாட்ஸ்அப்பில் பறந்தன! இன்று உங்கள் போனில் தேடிப் பாருங்கள். போன் மாறியிருக்கும். அல்லது மெமரி நிறைந்துவிட்டது என்று அழித்திருப்பீர்கள். மிச்சம் இருக்கிற படத்தில் அது எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுத்தது என்று தெரியாது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடுவது நமக்குப் புதிதில்லை. 1992 நவம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. "எங்க வீட்டுல மூணு படி முங்கிட்டு" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆற்றங்கரைத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் மனை வாங்கப் போகிற ஒருவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம்! தேதி போட்டு, தெருப் பெயர் போட்டு பிளாக்கில் நாலு வரி எழுதி வைத்தால், பல வருஷம் கழித்துக் கூகுளில் தேடுகிறவருக்குக் கூட அது அகப்படும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதைக் கூகுள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். திருநெல்வேலிக்காரரான எழுத்தாளர் சுகா தம் வலைப்பூவுக்கு 'வேணுவனம்' என்று பெயர் வைத்தார். நம்மூரின் பழைய பெயர்தான். சென்னையில் இருந்துகொண்டே ஊர் மனிதர்களையும் ஊர்ச் சாப்பாட்டையும் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். அவர் அளவுக்கு எழுதச் சொல்லவில்லை. மறுவீட்டுச் சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்ற வேண்டும் என்று உங்கள் வீட்டு ஆச்சிக்குத் தெரிந்ததை அவர் சொன்னபடியே டைப் செய்யுங்கள், போதும். தாராவியிலோ துபாயிலோ இருக்கிற நம்மூர்க்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு இரண்டு வரி எழுதிப் போடுவார் பாருங்கள், அந்தச் சந்தோஷம் நூறு 'லைக்' வாங்கினாலும் வராது.

சரி, ஆபத்து இல்லையா? இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் வைரஸுக்கும் ஹேக்கருக்கும் பயப்படுகிறார்கள். நல்ல பாஸ்வேர்டும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் அவற்றைச் சமாளித்துவிடலாம். எனக்குப் பயம் நம் விரலைப் பார்த்துத்தான். "நாளை குற்றாலம் கிளம்புகிறோம், நாலு நாள் வீடு பூட்டு" என்று எழுதுவது யாருக்குச் செய்தி? போய்வந்து எழுதுங்களேன். பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர், கதவு எண், போன் நம்பர் எதுவும் வேண்டாம்.

கல்யாண வீட்டில் மாமா பேசிய பேச்சை எழுதித் தீர்த்துக் கொள்வதும் வேண்டாம். பெயர் போடவில்லையே என்பீர்கள். "டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் மாமா" என்றால் பாளையங்கோட்டை வரைக்கும் தெரிந்துவிடும். நம்மூர் அவ்வளவுதான் பெரிசு. கோபத்தில் எழுதியதை மறுநாள் அழித்தாலும் பயனில்லை. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். போதாததற்கு, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் 'வேபேக் மெஷின்' என்ற தளம் 2001-ல் இருந்து எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமையால் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. அதற்காகக் கொதித்து கார்ட்டூனிஸ்ட் பாலா இணையத்தில் வெளியிட்ட கார்ட்டூனுக்கு, நவம்பர் 5 அன்று சென்னையில் இருந்த அவரை நெல்லை போலீஸ் வந்து கைது செய்தது. மறுநாள் நெல்லை கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. இணையத்தில் எழுதுகிறவர்களைப் பயமுறுத்திக் கொண்டிருந்த 66-ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்து இரண்டரை வருஷம் கழித்து நடந்தது இது. அந்தக் கைது அநியாயம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பாலாவுக்காகப் பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கினார்கள். நமக்கு யார் வருவார்கள்? அதற்காக ரோடு சரியில்லை, ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்று எழுதாமல் இருக்க வேண்டியதில்லை. தாராளமாக எழுதுங்கள். இடம், தேதி, போட்டோ மூன்றும் இருக்கட்டும், ஆளைத் திட்டும் வார்த்தை மட்டும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்தை யாரும் சொல்வதில்லை. பிளாக் உங்களுடையது, அது நிற்கிற மனை அடுத்தவருடையது. யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடியபோது லட்சக்கணக்கானவர்களின் சொந்தப் பக்கங்கள் காணாமல் போயின. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போயிற்று. நம் நாட்டிலேயே 2006 ஜூலையில், சில பக்கங்களை மட்டும் முடக்கச் சொன்ன அரசு உத்தரவுக்கு, சில இன்டர்நெட் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையும் அடைத்துவிட்டன. கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை!

எனவே, எழுதுவதை முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் நோட்பேடில் டைப் செய்து, தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். சேமிக்கும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று கவனியுங்கள். பழைய நோட்பேடில் அதை மாற்றாவிட்டால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்தால் பிளாக்கில் ஒட்டும்போது குப்பையாகத் தெரியும், யூனிகோடிலேயே அடியுங்கள். மாதம் ஒருமுறை அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் காப்பி செய்து பீரோவில் போடுங்கள். பிளாகரில் எழுதியதை மொத்தமாக டவுன்லோட் செய்ய கூகுளின் 'டேக்அவுட்' வசதியும் இருக்கிறது.

முதல் பதிவுக்கு என்ன எழுதுவது? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் 1992-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் அவர் காட்டும் இடத்தில் அளவு டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். பிளாக்கில் போடலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.