பிபிடி வேறு, பி.டி. வேறு

ஆடிக் கடைசியில் திருப்பனந்தாள் கடைத்தெருவில் ஒரு விதைக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு விவசாயி பிபிடி விதைப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுலயும் பி.டி. வந்துடுச்சாமே, நெசமா சார்?”

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பிபிடி 5204-இல் இருக்கும் பிபிடி, பாபட்லா என்ற ஊரின் சுருக்கம். பி.டி. என்பது 2002-இல் இந்தியப் பருத்திக்குள் வந்த பாக்டீரியா மரபணு. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 2025 மே 4 அன்று மத்திய அரசு அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களில் ஒன்றான கமலா, இந்த பிபிடியிலிருந்து பிறந்ததுதான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை அது. வதந்தி அங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும்.

அப்படி என்ன செய்தார்கள்? பனந்தாள் என்று பெயர் கொண்ட ஊரில் ஓலைச்சுவடியை வைத்தே சொல்லலாம். பி.டி. பருத்தி, வேறொரு சுவடியின் ஏட்டைக் கொண்டுவந்து இந்தக் கட்டில் சேர்த்தது மாதிரி. கமலாவில் புது ஏடு கிடையாது. இருந்த ஏட்டிலேயே ஓரிடத்தில் எழுத்தாணியால் ஒரு கீறல். கதிரில் சைட்டோகைனின் என்ற ஊக்கி எவ்வளவு தங்குகிறதோ அவ்வளவு மணி பிடிக்கும். அந்த ஊக்கியைச் சிதைக்கும் நொதியை ஒரு மரபணு உண்டாக்குகிறது. கிரிஸ்பர் என்னும் கத்தரிக்கோல் அங்கே வெட்ட, செல் தானே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது எழுத்துப் பிழை விழுந்து அந்த மரபணு ஓய்ந்துவிடுகிறது. வெட்டிய கருவி தங்காத செடிகளை அடுத்த தலைமுறையில் பொறுக்கிக்கொள்கிறார்கள். இதே மரபணு இயல்பாகவே தளர்ந்திருந்த நெல்லை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இலேயே காட்டினார்கள்.

அயல் மரபணு இல்லை என்பதால், இந்த வகைப் பயிர்களுக்கு 2022-இல் மத்திய அரசு கடுமையான உயிர்ப்பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. என் தயக்கம் இங்கேதான். கத்தரிக்கோல் வேண்டாத இடத்திலும் வெட்டியிருக்கலாம் என்ற கேள்வி நியாயமானது. கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களிடம் இருப்பதும் நியாயமான கவலை. 19 சதவீதம் கூடுதல் மகசூல், 20 நாள் முன்னதாக அறுவடை என்பது உருவாக்கியவர்களின் கணக்கு. சோதனைத் தரவுகள் அதைத் தாங்கவில்லை என்று விமரிசகர்கள் சொல்ல, அரசுத் தரப்பு மறுக்கிறது. ஒன்று மட்டும் நிம்மதி: கமலா வீரிய ஒட்டு அல்ல, ரகம்; விளைந்த நெல்லையே விதையாக எடுத்தாலும் குணம் மாறாது.

அந்த 20 நாள் நமக்குப் பெரிய விஷயம். ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். கடைமடைச் சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்காலைப் பார்த்து நிற்கிற வேதனை குறையலாம். ஆனால் 2021 ஜனவரியில் கொட்டியது போல மழை வந்தால், முன்கூட்டி முற்றிய கதிர்தான் முதலில் சாயும். அப்புறம் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதக் கணக்கு. அதற்கு எந்தக் கத்தரிக்கோலும் இல்லை.

ஐப்பசி வெள்ளத்தில் நடவு மூழ்கினால்? கமலா அதற்கானதல்ல. அதற்கு சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகம் இருக்கிறது. ஒடிசாவின் ஒரு பழைய நெல்லிலிருந்த மரபணுவை, வழக்கமான ஒட்டுக் கட்டி, மரபணு அடையாளம் பார்த்துத் தேர்ந்து சேர்த்தது. இரண்டு வாரம் தண்ணீருக்குள் கிடந்தாலும் தூர் பிழைக்கும்.

விதைக்கடையில் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “நம்ம மண்ணுல மாவுக்கு எத்தனை மூட்டை சார்?”

1922-இலிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கிற ஆடுதுறையில் போட்டுப் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய பதில் அது என்றேன். தலையாட்டிவிட்டு, கையிலிருந்த பழைய பிபிடி பையையே எடுத்து சைக்கிள் கேரியரில் கட்டினார்.